பந்தாடும் கால்களுக்கு ஏற்ற பளு

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, நம் இயன்முறை மருத்துவப் பிரிவுக்குப் பதினேழு வயது மாணவன் ஒருவன் தன் தாயுடன் வந்தான். வடசென்னையைச் சேர்ந்தவன். வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் போலவே, நடக்கப் பழகிய சில ஆண்டுகளில் பந்தை உதைக்கத் தொடங்கியவன். அமரச் சொன்னோம், அமராமல் சுவரோரம் சாய்ந்து நின்றான். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் இடப்புறத்தில் வலி. முன்னால் குனிந்தபோது அவ்வளவாக வலிக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்று பின்புறமாக வளையச் சொன்னபோதுதான் முகம் சுளித்தான்.

நடந்ததை அவனே கூறினான். அணித் தேர்வுக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. எதிரணியினர் மோதினால் தான் விழுந்துவிடுவதாகவும், உடல் வலுப்பெற்றால் தேர்வாகிவிடலாம் என்றும் எண்ணி, வீட்டருகே ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறான். அங்கே பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் ‘டெட்லிஃப்ட்’ பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார்கள். ஏழாவது வாரத்தில் 110 கிலோ தூக்கினான். அவனுடைய உடல் எடை 58 கிலோ. நண்பன் எடுத்த காணொளி கைப்பேசியில் இருந்தது, பெருமையோடுதான் காட்டினான். பளுவைத் தூக்கி முடித்து நிமிரும் கணத்தில், இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து நின்றிருந்தான். ஒவ்வொரு முறையும் அவ்வாறே.

எம்.ஆர்.ஐ. படத்தில் இடுப்புப் பகுதி முள்ளெலும்பு ஒன்றின் பின்வளைவில் நுண்முறிவு தெரிந்தது. வளரும் வயதில் கடுமையாக விளையாடுவோரிடம் நாங்கள் அவ்வப்போது காணும் பாதிப்புதான் இது. உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே ஆறிவிடும். ஆனால் அந்த ஓய்வு ஏறத்தாழ மூன்று மாதம். ஓட்டமும் கூடாது, பந்தும் கூடாது. அவ்வாண்டுத் தேர்வு கைநழுவிப் போயிற்று.

“இனி இவன் எடையே தொடக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், டாக்டர். நான் சொன்னால் கேட்கமாட்டான்” என்றார் தாய். மகனோ, “எத்தனை மாதம் கழித்து மறுபடியும் 110 தூக்கலாம்?” என்று கேட்டான்.

இருவருக்கும் நாங்கள் ஒரே பதிலைத்தான் கூற வேண்டியிருந்தது. எடைப்பயிற்சி அவனுக்குத் தேவை. அதை விட்டுவிட்டால் நாளை வேறிடத்தில் காயம் வரும். ஆயினும் கால்பந்து வீரனுக்குத் தேவையான எடைப்பயிற்சி அதுவன்று. எத்தனை கிலோ என்ற கேள்விக்கு முன், ‘இந்தப் பயிற்சி ஆட்டத்தில் எந்த வேலைக்கு உதவும்? எந்தக் காயத்தைத் தடுக்கும்?’ என்று கேட்டிருக்க வேண்டும். அவனும் கேட்கவில்லை, கற்றுக்கொடுத்தவரும் கேட்கவில்லை. இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், அன்று அவர்களிடம் பேசியதை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஓர் அச்சம்

‘வளரும் பிள்ளை எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும்’ என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. முறையான மேற்பார்வையில், அளவோடு செய்யப்படும் எடைப்பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதே குழந்தை மருத்துவ வல்லுநர்களின் இன்றைய கருத்து. பந்துக்காகத் துள்ளி எழுந்து ஒற்றைக் காலில் தரையிறங்கும் சிறுவனின் முழங்கால், அந்தக் கணத்தில் அவனது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. அதை நாம் அஞ்சுவதில்லை. இரு கைகளிலும் நான்கு கிலோ டம்பெல் பிடித்து அமர்ந்தெழுந்தால் அஞ்சுகிறோம்! எலும்பின் வளர்ச்சித் தட்டுகளில் காயம் ஏற்படுவது பெரும்பாலும் மேற்பார்வையின்றி, தவறான முறையில், ‘எவ்வளவு தூக்க முடியும் பார்க்கலாம்’ என்று முயலும்போதுதான்.

சொல்வதைக் கேட்டுச் செய்யும் பக்குவம் வந்த பிள்ளைக்குத் தன் உடல் எடையைக்கொண்டே பயிற்சியைத் தொடங்கலாம். நம் முன்னோர் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார்கள். இன்று ஜிம்மில் ‘புஷ்-அப்’, ‘ஸ்குவாட்’ என்று சொல்லப்படுபவை அவற்றின் உறவினர்களே. பதின்ம வயதினர் தவிர்க்க வேண்டியது ஒன்றே: ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையைத் தேடிப் போவது.

ஆட்டம் எங்கே கிழிக்கிறது?

ஓர் ஆட்டத்தில் கோல்காப்பாளர் நீங்கலாக ஒவ்வொரு வீரரும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் பெரும்பகுதி மெல்லோட்டமும் நடையும். காயங்களில் பல நேர்வது எஞ்சிய சிறு பகுதியில்: முழு வேகத்தில் ஓடும்போது, சட்டென நின்று திரும்பும்போது, காலை நீட்டிப் பந்தை உதைக்கும்போது. இவற்றுள் முதலிடம் பின்தொடைத் தசைக்கு. ஐரோப்பாவின் முன்னணி கழகங்களில் 2001 முதல் நடத்தப்பட்டுவரும் நெடிய ஆய்வொன்று, அனைத்துக் காயங்களிலும் பின்தொடைக் காயத்தின் பங்கு 12 விழுக்காட்டிலிருந்து 2021-22 பருவத்தில் 24 விழுக்காடாக உயர்ந்துவிட்டதைக் காட்டியது. சிறந்த மருத்துவரும் சிறந்த புல்தரையும் உள்ள இடத்தில் இந்நிலை என்றால், காய்ந்த செம்மண் மைதானத்தில் ஆடும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பின்தொடைத் தசை ஏன் கிழிகிறது? வேகமாக ஓடுபவரின் கால் முன்னோக்கி வீசப்படும்போது, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி கதவைப் போல விசையோடு விரிகிறது. அது தரையைத் தொடுமுன் அதன் வேகத்தைத் தடுத்து நிறுத்துவது பின்தொடைத் தசை. அதாவது, தான் நீண்டுகொண்டிருக்கும் நிலையிலேயே அது இழுத்துப் பிடிக்க வேண்டும். கயிற்றில் கட்டிய வாளியைக் கிணற்றுக்குள் சட்டெனப் போடாமல் மெல்ல மெல்ல விட்டு இறக்குபவரின் கை செய்யும் வேலை இது. ஜிம்மில் குப்புறப் படுத்துக் காலை மடக்கும் இயந்திரம், அதைச் செய்வோர் பெரும்பாலும் செய்கிற விதத்தில், வாளியை மேலே இழுக்கும் வலிமையைத்தான் வளர்க்கிறது. இறக்கும்போது எடையைப் ‘பட்’ என்று போட்டுவிடுகிறார்கள். கால்பந்துக்குத் தேவையான பாதி அந்த ஓசையோடு போய்விடுகிறது.

நீண்டுகொண்டே தாங்கும் இந்த வலிமையை வளர்க்க ‘நார்டிக்’ என்னும் பயிற்சி இருக்கிறது. இதற்கு இரும்பே வேண்டாம். மெத்தையிலோ மடித்த போர்வையிலோ முழங்காலிட வேண்டும். பின்னால் ஒருவர் இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்காலிலிருந்து தோள்வரை உடலை ஒரே நேர்கோடாக வைத்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக இயலுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். இனித் தாங்க முடியாது என்ற இடத்தில் இரு கைகளையும் முன்னே ஊன்றி விழுந்து, கைகளால் தள்ளி மீண்டும் எழ வேண்டும். அவ்வளவுதான். பார்க்க எளிது, முதல் நாள் எவரும் பாதி தூரம்கூடத் தாங்குவதில்லை.

டென்மார்க் நாட்டில் 50 அணிகளைச் சேர்ந்த 942 வீரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பத்து வாரங்கள் இப்பயிற்சியைக் கற்பித்தார்கள். 2011இல் முடிவு வெளியாயிற்று. பயிற்சி செய்த பிரிவில் 15 பின்தொடைக் காயங்கள். செய்யாத பிரிவில் 52. முன்பே ஒருமுறை அத்தசை கிழிந்தவர்களிடம் பயன் இன்னும் கூடுதலாக இருந்தது. ஒரு போர்வையும் ஒரு துணையாளும் தவிர வேறெதுவும் தேவைப்படாத ஒன்று இவ்வளவு காயங்களைத் தடுக்கும் என்பதை, இத்தனை ஆண்டுகள் இப்பணியில் இருந்தும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறோம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தொடங்கிய முதல் வாரங்களில் தொடை கடுமையாக வலிக்கும். அவசரப்பட்டவர்கள் அந்த வலியால் பயிற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள். டென்மார்க்கில் பின்பற்றிய படிநிலையே நல்லது: முதல் வாரம் ஒரே ஒரு நாள், 2 சுற்று, சுற்றுக்கு 5 முறை. இரண்டாம் வாரம் இரண்டு நாள், சுற்றுக்கு 6 முறை. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று நாள், 3 சுற்று என்று மெல்லக் கூட்டி, ஐந்தாம் வாரத்திலிருந்து 12, 10, 8 முறை என மூன்று சுற்றுகள். மைதானப் பயிற்சிக்குப் பின் செய்யலாம். ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்யக் கூடாது.

அடுத்து, தொடையின் உட்புறம். பந்தைப் பக்கவாட்டில் தள்ளும்போதும் எதிராளியின் காலிடையிலிருந்து பறிக்கும்போதும் உட்தொடைத் தசை, இடுப்போடு சேரும் இடத்தில் இழுபடுகிறது. வலி மெதுவாக வந்து மாதக்கணக்கில் தங்கிவிடும். இதற்குக் ‘கோபன்ஹேகன்’ என்று ஊர்ப்பெயர் பெற்ற பயிற்சி உண்டு. ஒருக்களித்துப் படுத்து, முன்கையை ஊன்றி, மேற்காலைத் துணையாள் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்ள, உடலைத் தரையிலிருந்து உயர்த்தி, கீழ்க்காலை மேற்காலோடு சேர்த்துப் பின் மெல்ல இறக்க வேண்டும். தொடக்கத்தில் துணையாள் கணுக்காலைப் பிடிக்காமல் முழங்காலைத் தாங்கினால் சுமை குறையும். நார்வேயில் 35 அணிகளில் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், இந்த ஒரே பயிற்சியால் இப்பகுதித் தொல்லைகளின் வாய்ப்பு 41 விழுக்காடு குறைந்தது.

இரும்பு எங்கே வேண்டும்?

இவ்வளவும் படித்துவிட்டுப் பார்பெல்லே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டாம். நார்வேயின் ரோசன்போர்க் கழக வீரர்கள் 17 பேரை அளந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தோளில் பளுவோடு அமர்ந்தெழுவதில் வலியவர்களே முதல் 10 மீட்டர் ஓட்டத்திலும் துள்ளலிலும் முந்தியதைக் காட்டியது. பந்துக்கான போட்டி பெரும்பாலும் அந்தப் பத்து மீட்டருக்குள்தான் முடிவாகிறது. ஆகவே வலிமை வீண் அன்று. அதை எந்த வழியில் பெறுவது என்பதுதான் கேள்வி.

எங்கள் தேர்வு, தொடக்க நிலையினருக்கு, ஒற்றைக்காலை முன்வைத்து அமர்ந்தெழும் பயிற்சி. ஓட்டத்திலும் உதையிலும் கால்பந்து ஒற்றைக் காலில் ஆடப்படும் விளையாட்டு. ஒரு காலை முன்னே வைத்து, மற்றொன்றைப் பின்னே விரல்நுனியில் ஊன்றி, நேராகக் கீழிறங்கி எழ வேண்டும். இரு கைகளிலும் டம்பெல் பிடிக்கலாம். இல்லையெனில் 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று 5 கிலோதானே. இதில் இரு நன்மைகள். முதுகெலும்பின் மீது சுமை குறைவு. பிடிக்க முடியவில்லை என்றால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடலாம், கழுத்தின் மேல் விழாது. மேலும் எந்தக் கால் பலவீனமானது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். உதைக்கும் காலுக்கும் ஊன்றும் காலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அன்றுதான் அறிகிறார்கள்.

இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சரிகிறதா என்று எதிரே நின்று ஒருவர் பார்க்க வேண்டும். முழங்கால், காலின் இரண்டாம் விரலை நோக்கியே செல்ல வேண்டும். இதைப் பெண் பிள்ளைகளின் பெற்றோர் குறிப்பாக மனத்தில் கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் தேசியக் கால்பந்து வாகையர் ஆனார்கள். ஊர்தோறும் சிறுமியர் மைதானத்துக்கு வருகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் முழங்காலின் உள்ளே இருக்கும் முன்குறுக்கு ஜவ்வு, ‘ஏ.சி.எல்.’, கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். துள்ளி இறங்கும்போது முழங்கால் உட்சரிவது அதற்கு ஒரு காரணம். ஃபிஃபா வகுத்த ‘11 பிளஸ்’ என்னும் இருபது நிமிட ஆயத்தப் பயிற்சியில் இதற்கான பாடம் இருக்கிறது. நார்டிக் பயிற்சியும் அதில் அடங்கும். நார்வேச் சிறுமியர் 1,892 பேரிடம் இதைச் சோதித்தபோது கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

ஏ.சி.எல். அறுவை செய்துகொண்டவர்களுக்கு இக்கட்டுரையில் உள்ள எதுவும் நேரடியாகப் பொருந்தாது. உங்கள் அட்டவணை தனி. ஒன்பது மாதங்களுக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்புவோர் மறுபடியும் காயப்படுவது மிகுதி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முன்தொடை வலிமை மற்றக் காலின் அளவில் 90 விழுக்காட்டையாவது எட்டியதா என்று அளந்த பிறகே அனுமதிப்போம்.

டெட்லிஃப்ட் பற்றியும் கூற வேண்டும், கதை அங்குதானே தொடங்கியது. அது தீய பயிற்சி அன்று. இடுப்பிலிருந்து மடங்கவும் நிமிரவும் கற்றுக்கொடுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் முதலில் ஒரு துடைப்பக் கம்பை முதுகோடு ஒட்டிப் பிடித்து, தலை, நடுமுதுகு, இடுப்பு மூன்றும் கம்பை விட்டு விலகாமல் குனிந்தெழப் பழக வேண்டும். அது வந்தபின் வெறுங்கம்பி. அதன்பின் சிறு எடை. ஒவ்வொரு சுற்றையும், இன்னும் இரண்டு முறை செய்ய இயலும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். நிமிர்ந்ததும் நேராக நின்றால் போதும். பின்னால் வளையக் கூடாது. பார்பெல்லை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஒலிம்பிக் பளுதூக்கும் முறைகளை, அவற்றையே தொழிலாகக் கற்பிக்கும் பயிற்றுநர் அருகில் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். கெண்டைக்காலுக்குப் படிக்கட்டின் விளிம்பில் நின்று ஒற்றைக் காலால் ஏறி இறங்கினால் போதும். மேலுடலுக்குத் தண்டாலும் கம்பியில் தொங்கி எழுவதும் போதும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம்; பருவம் முழுவதும் விடாமல்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

பயிற்சிக்குப் பின் இரண்டு மூன்று நாள் தசை கனத்து வலிப்பது இயல்பு. மூட்டில் வீக்கம், இரவில் எழுப்பும் வலி, முதுகிலிருந்து காலுக்குள் இறங்கும் மரத்துப்போதல், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி ஆகியவை இயல்பல்ல. அளவுக்கு மீறிய பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அன்றே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்; சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ‘சதை போட’ என்று ஜிம்மில் யாரேனும் ஊசியோ பெயரில்லாத மாத்திரையோ நீட்டினால், அந்த இடத்தையே மாற்றுங்கள்.

அந்த மாணவன் ஐப்பசியில் மறுபடியும் வந்தான். ஒற்றைக் காலில் நின்று பின்வளைந்தான், வலி இல்லை. துடைப்பக் கம்பில் தொடங்கினோம். “தம்பி, இதில் எடையே இல்லையே என்று நினைக்காதே” என்றதற்குப் பதில் சொல்லவில்லை. முகத்தில் அதிருப்தி தெரிந்தது. நான்கு வாரம் கழித்து நார்டிக் பயிற்சியைக் கொடுத்தபோது, வீட்டில் கணுக்காலைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்றோம். தகப்பனார் இரவுப் பணிக்குச் செல்பவர், தங்கை சிறியவள். தாய்தான் முன்வந்தார். எங்கே முழங்காலிட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று அவருக்கும் சேர்த்தே கற்றுக்கொடுத்தோம்.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். அவன் மைதானத்தில் முழு ஆட்டமும் ஆடத் தொடங்கிவிட்டான். அடுத்த தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. குறிப்பேட்டைக் கேட்டோம். மகன் பையில் தேடுவதற்குள் தாய் தன் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். தேதி, சுற்று, எண்ணிக்கை எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. ஒரு நாளில் மட்டும் 10 என்று எழுதி அடித்து 9 ஆக்கியிருந்தார்.

“பத்தாவது முறை சாயாமலே கையை ஊன்றிவிட்டான், டாக்டர். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை” என்றார்.